தலை எண்ணுதல்

ஆறு தலை.
பல் மருத்துவர் ட்சாய், அவர் மனைவி,
தேனிலவுக்கு வந்து நேற்றிரவே சண்டை போட்டுக்கொண்ட இருவர்,
போலந்துக்காரர் ஒருவர், அவருடைய ஒன்பது வயது ஹன்கா.
இருவர் துடுப்புப் படகு மூன்று. எனக்குத் தனியாக ஒன்று.
கொரோர் துறையில் எண்ணினேன்,
விசைப்படகு எங்களை இறக்கிவிட்ட இடத்தில் எண்ணினேன்,
இனி ஒவ்வொரு முனை திரும்பும்போதும்.
பதினோரு வருடமாக எனக்குக் கூலி
இந்த எண்ணிக்கைக்குத்தான்.
கடல் இலவசம்.

"துடுப்பை இப்படி இறுக்காதீர்கள்,
அது உங்களிடம் கடன் வாங்கவில்லை."
இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.
ட்சாய் சிரிக்கவில்லை.
அவர் வலதில் தள்ள, மனைவி எதிலும் தள்ளாமல் மேகம் பார்க்க
படகு அதே இடத்தில் சுற்றியது,
வாலைத் துரத்தும் நாய்.

தீவு, காளான் மாதிரி.
அடியைக் கடல் தின்றுவிட்டது, மேலே காடு கனத்துத் தொங்குகிறது.
அந்த விளிம்புக்குக் கீழே நுழைந்ததும் வெயில் நின்றுபோகும்.
சுண்ணாம்புப் பாறையிலிருந்து
பிடரியில் ஒரு சொட்டு.
"போன மாதம் பெய்த மழை இது" என்றேன்.
நிஜமா என்று எனக்குத் தெரியாது.
புதுமணப்பெண் மட்டும் உள்ளங்கையை நீட்டி
அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தாள்,
அவன் அவளுக்காகத் துடுப்பை நிறுத்தினான்.

"இங்கே யார் இருக்கிறார்கள்?" ஹன்கா.
"யாருமில்லை." அப்பா தாளைப் பார்த்துச் சொன்னார்.
தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

மேற்கே நகக்கண் அளவு மணல்.
சோறு, வறுத்த மீன், சேப்பங்கிழங்கு.
தின்று முடித்ததும் அவளுக்கு ஒன்றுக்கு வந்தது,
காட்டைப் பார்த்து ஓடினாள்.
"அந்தப் பக்கம் வேண்டாம்!"
என் சத்தம் எனக்கே கூடுதலாகக் கேட்டது.
"பாம்பா?"
"எறும்பு. பாம்பு தேவலை."

அந்தப் பக்கம் இருப்பது பெகாய்.
கோழி அளவு, பெரிய கால், வெளிறிய தலை,
சாவியைத் தொலைத்தவள் நடை.
முட்டைமேல் உட்காராது.
மணலும் சருகும் சீய்த்துச் சீய்த்து இடுப்புயரம் குவிக்கும்,
உள்ளே புதைத்துவிட்டுப் போய்விடும்.
சூடு கொடுப்பது மண்ணின் பாடு.
குஞ்சு தானே தோண்டி வெளியே வரும்,
வந்த அன்றே ஓடும்,
அம்மா எது என்று விசாரிக்காது.
என் மகன் குவாமில் வேலை பார்க்கிறான்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முன்பெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவேன்.
இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர், நல்ல மனிதர்,
படம் எடுக்க மேட்டின்மேல் ஏறி நின்றார்.
பெரிய சத்தம் ஒன்றுமில்லை,
பிஸ்கட் பொட்டலத்தின்மேல் உட்கார்ந்தது போல.
இறங்கி வந்து நன்றி சொன்னார், இருபது டாலர் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

ஹன்கா பாறை மறைவிலிருந்து வரவில்லை,
காட்டிலிருந்துதான் வந்தாள்.
"எறும்பே இல்லை," என் காதருகே,
"ஒரு கோழி என்னை முறைத்தது. அது யாருடையது?"
"அதனுடையது."
சற்று யோசித்தாள்.
அப்பா என்னவென்று கேட்டபோது
"எறும்பு" என்றாள்.

காற்று திரும்பியது. எல்லோரையும் தள்ளிவிட்டேன்,
தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லிக்
கரைக்குத் திரும்பினேன்.
சின்னக் கால்தடம் பதினேழு,
மேட்டுக்கு மூன்று முழம் முன்னால் நின்று,
நின்ற இடத்தில் குதிகால் அழுந்தி, திரும்பியிருந்தது.
விழுந்து கிடந்த ஓலையால்
ஒவ்வொன்றாக இழுத்து அழித்தேன்.
அவள் நின்ற இடத்தை மட்டும் அழிக்க
கொஞ்சம் நேரம் பிடித்தது.

கிழக்குப் பக்கம் அலை முகத்தில் அடித்தது.
ட்சாயின் படகைக் கயிற்றில் கட்டி இழுத்தேன்,
ஒன்றேகால் மணி நேரம், அவர் எடை, மனைவி எடை,
குடிக்காத இரண்டு இளநீர்.
பின்னால் ஒரு பேச்சில்லை.
முன்னால் புதுசுகள் இருவரும் ஒரே தாளத்தில்,
அதற்கும் நான் காரணமில்லை.

துறையில் ஆறு தலை.
ஈரக் கையைக் கொடுத்தார் ட்சாய்.
நாள் முழுக்கப் பேசாதவர், மெல்ல:
"பாட்டில் உங்கள் படகிலேயேதான் இருந்தது."
ஆமாம், என்றேன்.
தலையசைத்தார்,
வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு
வலிக்கவில்லை என்கிற பதிலை நம்பாதவர் போல.