நாலு டயரும் ஒரு ஸ்டெப்னியும்

ஐந்து ரோடு பக்கம் அல்தாப் கடையில்
சுவரில் சாய்ந்து நிற்கின்றன மூன்று வகை.
புது ரப்பர் வாசனையில்
நேற்றுத் தின்ற தட்டுவடை செட்
நெஞ்சுக்கு வருகிறது.

முதலாவது தார் ரோட்டுக்குப் பிறந்தது.
வகிடெடுத்துச் சீவிய தலை,
சேற்றைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை.
இரண்டாவது முழுச் சேற்றுக்காரன்.
கட்டை கட்டையாய்ப் பல்; நடுவே
என் கட்டைவிரல் முழுசாய் இறங்குகிறது.
மூன்றாவது நடுவாந்திரம்.
“எல்லா மண்ணுக்கும் ஏத்தது” என்கிறார் அல்தாப்.
எல்லா மண்ணையும் அவர் எங்கே பார்த்தார்?

எனக்குத் தெரிந்த மண்ணைச் சொன்னேன்.
செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக்கல் பொடி,
ஒரு தூறல் போதும், சுண்ணாம்புக் குழம்பு.
குப்பனூர் வழியில் மேலிருந்து உருண்டு வந்து
சொந்த இடம் போல நடு ரோட்டில் உட்கார்ந்திருக்கும் கல்.
நாகலூர் தாண்டிக் காப்பித் தோட்டத்து நிழலில்
சில்வர் ஓக் சருகு ஊறிய கருஞ்சேறு,
மேலே இலை, கீழே எண்ணெய்.
அப்புறம் பெயரில்லாத ஓர் ஏற்றம்.
முப்பது சிலிண்டரோடு முதல் கியரில்
நான் சாமி கும்பிடும் இடம் அதுதான்.

எத்தனை பிளை, பக்கச் சுவர் தாங்குமா,
கேட்டுக்கொண்டே நகத்தால் கீறிப் பார்த்தேன்.
டயர்மேல் பூனை மீசை போல் ரப்பர் முடி.
ஒன்றைப் பிய்த்தேன். அல்தாப் முறைத்தார்.

மார்சலின் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.
விலையைக் கிலோமீட்டரால் வகுத்தாள்.
முரட்டுப் பல் கூடக் குடிக்கும் டீசலைக் கூட்டினாள்.
போன மழைக்குப் புதைந்த வண்டியை இழுக்க
டிராக்டர்காரன் வாங்கிய எண்ணூறை
மறக்காமல் கழித்தாள்.
பதினெட்டுப் பைசா வித்தியாசத்தில்
நடுவாந்திரம் ஜெயித்தது.

மூன்று மாதமாகச் சிலிண்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நான் எழுதி வந்தது:

ஐம்பதைத் தாண்டினால் முனகல். அறுபதில் ஊளை.
ரேடியோ கேட்பதில்லை.
பொன்னுரங்கம் பேசுவதும் கேட்பதில்லை;
இதை நன்மையில் சேர்த்திருக்கிறேன்.
நனைந்த கொண்டை ஊசியில் பிரேக் அடித்தால்
பின்பக்கம் ஒரு கணம் யோசிக்கிறது.
பழையது யோசிக்காமலே போய்விடும்.
சேற்றில் நாலு சுற்றுச் சுற்றித்
தானே பல் விளக்கிக்கொள்கிறது.
பத்துப் பாயிண்ட் காற்றை இறக்கிவிட்டால்
பெயரில்லாத ஏற்றம் பிடிக்கிறது.
திரும்ப நிரப்ப ஏற்காடு வரை வரவேண்டும்.
சாமி கும்பிடுவது நிற்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கரடியூர்ப் பக்கம்
முன்கண்ணாடியில் வந்து ஒட்டியது மூடுபனி.
ஹாரன் வயர் எங்கோ அறுந்திருந்தது.
இறங்கிக் கத்தித்தான் கூப்பிட வேண்டும் என்று
தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் திறந்தால்
ரோட்டோரம் வரிசையாகக் காலி சிலிண்டர்கள்.
பக்கத்தில் பணத்தை முந்தானையில் முடிந்தபடி சடையம்மாள்.
“ரெண்டு வளைவுக்கு முந்தியே உறுமுதே உன் வண்டி,
ஹாரன் எதுக்கு?”

நோட்டில் குறை என்று எழுதியிருந்த இரைச்சலை
அடிக்கவில்லை.
நன்மைப் பக்கமும் அதையே இன்னொரு தரம் எழுதினேன்.

இன்று முன்னதைப் பின்னுக்கு மாற்றும் நாள்.
அல்தாப் கடைப் பையன் ஸ்க்ரூடிரைவரால்
பல்லிடுக்கைக் குடைகிறான்.
வெள்ளைக்கல் ஒன்று, செம்மண் கட்டி,
தோல் உரியாத ஒரு காப்பிக்கொட்டை.
தரையில் வரிசையாக வைத்துவிட்டு
யார் வீட்டுப் பொருளோ என்பது போல்
என்னைப் பார்க்கிறான்.

ஐந்தாவதுக்கு அன்றைக்கே பணம் எட்டவில்லை.
வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது
பழைய செட்டில் மிஞ்சியது,
ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பைக்கூட
மறைக்க முடியாத வழுக்கை.

“ஸ்டெப்னி எப்படிங்க?” என்கிறார் அல்தாப்.

குனிந்து பார்த்தேன்.
அதைப் பற்றி எழுத
இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.