கை பழகும் கணக்கு

காலை ஐந்து நாற்பதுக்குத் தர்மபுரம் சந்தியில்
ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறினேன்.
முன் இருக்கையில் யாரோ விட்டுப்போன பேப்பர்.
போர் விமானம் ஒன்றின் விலை இறங்கியிருக்கிறதாம்.
படமும் போட்டிருந்தார்கள்:
கூர் மூக்கு, கழுவித் துடைத்த சாம்பல் நிறம்.
பக்கத்திலேயே தேங்காய் விலை.
தேங்காய் ஏறியிருந்தது.

ஏன் இறங்கியது என்றும் எழுதியிருந்தார்கள்.
செய்யச் செய்யக் கை பழகிவிடுமாம்.
முதல் நூறுக்கு எடுத்த நேரம்
அடுத்த நூறுக்குத் தேவையில்லையாம்.

அது எனக்கு விளங்கும்.
ஏழாம் லைனில் கழுத்துப்பட்டி தைக்கிறவள் நான்.
புது மாதிரி வந்த அன்று
ஒரு மணித்தியாலத்தில் முப்பது.
மூன்றாம் கிழமை எழுபத்தைந்து.
டிலக்சன் வந்து பலகையில் பழைய இலக்கை அழித்து
எண்பத்தைந்து என்று எழுதிவிட்டுப் போவான்.
சம்பளம் அப்படியே நிற்கும்.
கைதான் தனக்கே தெரியாமல் மலிந்துபோகும்.

எங்கோ ஒரு நாட்டில்
அந்த இறக்கைக்கு ஆணி இறுக்குகிறவளும்
இப்படித்தானே பழகியிருப்பாள்.
அவளுக்கும் இடுப்பு நோகும்.
தேத்தண்ணி மணிக்கு முந்தி எழும்பினால்
அவளையும் ஒருவன் திரும்பிப் பார்ப்பான்.
கோபம் வருகிறதா என்று காத்திருந்தேன்,
பரந்தன் சந்தி வரும்வரை.
வரவில்லை.
உனக்கு இலக்கு எத்தனை, பிள்ளை,
என்று கேட்கத்தான் வாய் வந்தது.

கை பழகினது அவளுக்கு மட்டுமா.

வட்டக்கச்சியில் முதல் பங்கர் வெட்ட மூன்று நாள் எடுத்தது.
அப்பா பனங்குற்றி அடுக்கி,
மண்ணிலேயே படியும் செதுக்கினார்.
அம்மா உள்ளே ஒரு சாமிப்படம் வைத்தா.
விசுவமடுவில் ஒரு பகல் போதுமாயிருந்தது.
உடையார்கட்டில் குற்றியும் இல்லை, படியும் இல்லை.
கடைசியில் கடற்கரை மணலை
சோற்றுத் தட்டால் தோண்டி
கால்மணியில் படுத்துவிட்டோம்.

முதல் இடப்பெயர்வுக்கு ஒரு உழவு இயந்திரம் வேண்டியிருந்தது.
கூரைத் தகரம், கதவு நிலை, கோழிக்கூடு.
பிறகு ஒரு சைக்கிள்.
பிறகு வெறுங்கை.

முதல் சாவுக்கு எட்டுவரை அழுதோம்.
பிறகு
அழ எடுக்கும் நேரமும் குறைந்தது.
எழும்பி நடக்கவேண்டியிருந்தது.

தம்பி துசாந்தன் சத்தத்திலேயே சொல்வான்.
இது கிபிர். இது மிக்.
இப்ப சுத்துது, ரெண்டாம் சுத்திலதான் போடும்.
பத்து வயது.
ஒருமுறைதான் பிழைவிட்டான்.

அம்மாவின் கூறைச்சேலையை வெட்டி
மண்மூட்டை தைத்தது நான்தான்.
முதல் மூட்டை முறுகி, வாய் கோணி, மண் ஒழுகியது.
முப்பதாவதுக்குக் கண் தேவைப்படவில்லை.
வேலைக்கு எடுக்கும்போது கொழும்பிலிருந்து வந்த அம்மணி
தையல் எங்கே பழகினீங்கள் என்று கேட்டா.
வீட்டில் என்றேன்.

பத்து மணிக்கு
அயன் பகுதிக் கொதிகலன் மூச்சு விடும்.
ஒரே இரைச்சல், மேலிருந்து கீழே வருவதுபோல.
சின்னப் பிள்ளைகள் தைத்துக்கொண்டே இருப்பார்கள்.
முப்பது தாண்டிய எங்கள் தலைகள் மட்டும்
ஒன்றாகக் குனியும்.
ஊசி நிற்கும், ஒரு நொடி,
இரண்டு நொடி.

இன்றைக்கும் எண்பத்துநாலு.
ஒன்று ஏன் குறைந்தது என்று டிலக்சன் கேட்கிறான்.
அவனுக்கு இருபத்தொரு வயது.
நூல் அறுந்துபோச்சுது என்கிறேன்.