கோரைக்குள் ஒரு கழுத்து

பேகூர் ஏரிக்கரையில்
வண்டியை இறக்கி அணைத்தபோது
பின்னால் ஏழாயிரத்து இருநூறு முட்டை,
முன்னால் சம்பங்கோரை.
ஓசூர் ரோட்டில் டயர் எரிகிறதென்று
கறிக்கடை ரஃபீக் போனில் சொல்லியிருந்தான்.
வாரம் முழுக்கத் தண்ணீர்ச் செய்திதான்.
எத்தனை டி.எம்.சி. என்று
எனக்கும் தெரியாது,
எரிப்பவனுக்கும் தெரியாது.

ஒரு கை சேறு அள்ளி
நம்பர் பலகையில் பூசினேன்.
இருபத்தெட்டு போனது.
டி போனது.
என் மட்டும் போகமாட்டேன் என்றது.
இன்னொரு கை.

முன் கண்ணாடியில் மகள் பெயர்,
யாழரசி, சிவப்பு ஸ்டிக்கரில்.
அதை மறைக்க எடுத்த பேப்பரும்
தமிழாக இருந்தது.
திருப்பினேன். பின்பக்கமும் தமிழ்தான்.

அப்போதுதான்
கோரை ஒன்று என்னைப் பார்த்தது.

நூறு தாள்களுக்கு நடுவே
ஒரு தாளுக்குக் கண் இருந்தது.
அலகு வானத்துக்கு,
மஞ்சள் கண் மட்டும்
தாடைக்கு அடியிலிருந்து எனக்கு.
ஒரு முழம் இருக்கும், கழுத்தை நீட்டியும்.
தொண்டையில் பழுப்புக் கோடுகள்,
காய்ந்த கோரையில் நிழல் இறங்கும் அதே கோடுகள்.
காற்று வந்தது. கோரை சாய்ந்தது.
அதுவும் சாய்ந்தது, அதே அளவு.
காற்று விட்டது. ஒன்றாய் நிமிர்ந்தன.

எங்கள் தூசூர் ஏரியில் கொக்கு உண்டு.
வெள்ளை வேட்டிக்காரன் மாதிரி
ஊர் பார்க்க நிற்கும்.
இது அந்தச் சாதி இல்லை.

கரைமேல் பைக்குகள் கொடியோடு போகையில்
போன் அடித்தது. கோகிலவாணி.
எங்க இருக்கீங்க?
ம்.
சாப்டீங்களா?
ம்.
எம்மேல கோவமா?
ம்.
ம் எந்த மாநிலத்து எழுத்தென்று
யாராலும் சொல்ல முடியாது.
அவள் வைத்துவிட்டாள்.
அதன் கண் இன்னும் என்மேல்.

பிறகு தடியோடு காவல்காரர் வந்தார்.
வண்டியைச் சுற்றினார்.
பலகையின் முன் நின்றார்.
நேற்றுத்தான் கழுவியது, பளபளவென்று இருந்தது,
பலகையில் மட்டும் சேறு.
அப்பளத்தை ஒளித்து வைத்துவிட்டு
வாயைத் துடைக்காத பிள்ளை மாதிரி நான்.

அவர் குனிந்தார். அள்ளினார்.
பம்பரில் ஒரு வீச்சு,
விளக்கில் ஒன்று,
கதவில் இரண்டு.
தள்ளி நின்று பார்த்து
சக்கரத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம்.
இப்போது அது
சேற்றில் வந்த ஏதோ ஒரு வண்டி.

மொட்டெ எஷ்டு, என்றார்.
விரல்களைக் காட்டினேன், ஐந்து.
ஆறு முட்டை எடுத்தார்.
முப்பது ரூபாய் நீட்டினார்.
வாங்கவில்லை என்று சொன்னால்
கதை அழகாக இருக்கும்.
வாங்கினேன்.
மீதி கணக்கில் முதலாளி இருக்கிறார்.

காலி பாட்டிலைக் கண்டு
தன் கொட்டகைக் குழாயில் பிடித்துத் தந்தார்.
தடியைக் கோரைப் பக்கம் நீட்டி
கொக்கரெ, என்றார்.
கொக்கு, என்றேன் நான், வாய் தவறி.
அன்றைக்கு நான் பேசிய முதல் தமிழ்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அந்தப் பக்கமே பார்த்தோம்.
எது தாள், எது கழுத்து,
அவருக்கும் பிடிபடவில்லை.

விடிகாலை நாலு மணிக்குச் சாவி திருகினேன்.
கொக்-கொக் என்று திட்டிக்கொண்டு
செங்கல் நிறத்தில் ஒன்று எழுந்து
கால் தொங்க, தாழப் பறந்து
இருபது அடியில் விழுந்தது.
விழுந்த இடத்தில்
கோரை மட்டும் இருந்தது.

அத்திப்பள்ளி தாண்டி, சூசூவாடியில்
ஓரங்கட்டினேன்.
சேறு காய்ந்து ஓடாகியிருந்தது.
நகம் போதவில்லை.
பாட்டில் தண்ணீரில் பாதி குடித்தேன்,
பாதி ஊற்றிக் கழுவினேன்.
அந்தக் குழாய்க்கு
எந்த ஆற்றிலிருந்து வருகிறதென்று
கேட்க மறந்துவிட்டது.
கேட்டிருக்கவும் வேண்டியதில்லை.