நேரலையில் ஒருவர்

புதன்கிழமை மாலை நாலரைக்குத்
தேடுபொறி தன் கணக்கை மாற்றிக்கொண்டது.
முடிய இரண்டு வாரம் ஆகலாம் என்று
ஒரே வரியில் அறிவித்துவிட்டு
வாயை மூடிக்கொண்டது.

ஜெலுத்தோங், பதினேழாவது மாடி.
மிஸ்டர் ஊயின் ஏர்கோன் கடைக்கு
இணையத்தில் நான்தான் காவல்.
செவ்வாயன்று நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
இன்று சனி. அறுபத்து மூன்று.
'ஏர்கோன் தண்ணி ஒழுகுது பினாங்கு' என்று யார் தேடினாலும்
மூன்றாவதாக நின்றவர்கள் நாங்கள்.
இப்போது நாலாம் பக்கம்.
நாலாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை,
தொலைத்ததைத் தேடும் என்னைப் போன்றவர்கள் தவிர.

என்ன தப்பு?
தலைப்பு நீளமா? படம் கனமா?
ஒரே கட்டுரையைப் போன வருடம்
பாயான் பாரு, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று
ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டேனே, அதுவா?
போலீஸ் சம்மனில்கூட
எந்தச் சாலை, எத்தனை மணி, என்ன வேகம் என்று
எழுதியிருக்கும்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு மிஸ்டர் ஊயின் குரல் பதிவு,
பாதி மலாய், பாதி ஹொக்கியன்:
ஷர்மினி, போன் ஏன் சத்தமே இல்லை,
வயர் ஏதும் கழன்றுவிட்டதா?
எந்த வயர் என்று நான் சொல்ல.

மூன்று பத்து.
நேரலையில் சுழியம்.
சுழியம்.
ஒன்று.

பட்டர்வொர்த்திலிருந்து யாரோ, கைப்பேசியில்,
'தண்ணீர் சொட்டினால்' பக்கத்தில்.
ஒரு நிமிடம். மூன்று நிமிடம்.
நாற்காலி கிறீச்சிட்டால் போய்விடுவாரோ என்று
அசையாமல் இருக்கிறேன்.
கடலுக்கு அந்தப் பக்கம்
ஒரு கட்டில் நனைகிறது.
வாளியைத் தேடி எடுத்திருப்பார்.
தூங்கும் பிள்ளையைச் சுவரோரம் உருட்டிவிட்டிருப்பார்.
முதலில் சுவிட்சை அடைத்துவிடுங்கள்,
பிறகு ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்
என்பதை ஏழாவது பத்தியில் வைத்திருக்கிறேன்.
அதற்கு முன்னால் ஆறு பத்தி:
பினாங்கிலேயே சிறந்த, நம்பகமான, மலிவான,
மீண்டும் சிறந்த.
இயந்திரத்துக்காக எழுதியது.
படிப்பவரோ நனைந்துகொண்டிருக்கிறார்.

ஏழாவதை மேலே தூக்கினேன்.
ஆறையும் அழித்தேன்.
சேமித்துவிட்டு நிமிர்ந்தபோது
சுழியம்.

காலையில் லிஃப்டுக்குள்
புது ஸ்டிக்கர், கண் மட்டத்தில், கோணலாக.
ஊய் ஏர்கோன். கீழே போன் நம்பர். அவ்வளவுதான்.
வட்டிக்காரனின் ஸ்டிக்கர் மேலேயே ஒட்டியிருக்கிறார்.
எப்போது வந்தார், யாரிடமும் சொல்லாமல்.
ஒரு மூலை எழும்பி நின்றது.
கட்டைவிரலால் அழுத்திவிட்டேன்,
கதவு திறப்பதற்குள்.