அங்க அடையாளம் இரண்டு

கொருக்குப்பேட்டை கேட்டில்
ஸ்கூட்டி சீட்டையே மேஜையாக்கி
எல்.கே.ஜி. விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.
கூட்ஸ் வண்டி கிளம்புகிற மாதிரி இல்லை.

ஒன்று: இடது முழங்கையில் மச்சம்.
எட்டிப் பார்த்தாள் ஜோவிதா.
“மச்சம் ரீகனுக்கும்தான் கீது.
வேற போடு.”

வேற என்ன, நீயே சொல்லு.

“தும்முனா ரெண்டு வாட்டி தும்முவேன்.
சங்கராவுல கண்ணு மட்டும் துன்னுவேன்.
இருட்டுன்னா பயம், ஆனா
யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

இரண்டாம் கோடு நிரம்பி
‘அலுவலக உபயோகத்திற்கு மட்டும்’
கட்டத்துக்குள் இறங்கிவிட்டது கையெழுத்து.

“உனுக்கு இன்னா போட்டாங்கம்மா?”

வலது புருவத்தில் தழும்பு.
பத்தாவது சர்டிபிகேட்டில் இருக்கிறது.
எங்கே விழுந்தேன் என்றுகூட நினைவில்லை,
யாரோ ஒரு சார் பார்த்து எழுதினார்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு
என் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்,
மார்க்கெட்டில் மீன் பார்ப்பதுபோல.
“சிரிக்கச் சொல்லோ உன் மூக்கு
லேசா ஆடுது. அத்த எழுதிக்கோ.”

கடைசிப் பெட்டியும் போய்
கேட் தூக்கியதும் பின்னால் ஒரே ஹாரன்.
ஹெல்மெட் மாட்டுமுன்
சைடு கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன்.

ஆடத்தான் செய்தது.