இரண்டாவது ஷார்ப்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மீன் சந்தை கலைந்து தண்ணீர் அடிக்கும் நேரம்.
என் கடை போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ.
சபைப் பாடகர் குழுவுக்கு நொட்டேஷன் அடிப்பதும் உண்டு.
அதை எழுதப் போர்டில் இடமில்லை.

யேசுவடியானுக்குத் தைராய்டு அறுத்து நாலு மாதம்.
நாகர்கோவில் – திருவனந்தபுரம் வண்டியில் கண்டக்டர்.
முன்பெல்லாம் செக்போஸ்ட் வருமுன்னே
அவர் 'பாறசாலை' போய் இறங்கியிருக்கும்.
இப்போது விசில்தான்.

இருபத்தாறு வருடம் டெனர்.
மேல் சுரங்கள் படிப்படியாகப் போகவில்லை.
மயக்கம் தெளிந்தபோது இல்லை, அவ்வளவுதான்.
பாஸில் போய் நில்லுங்க என்றாள் ஹெலன் பிரமிளா.
நின்றார்.
பாடவில்லை.

"அந்தக் கிளெஃப் காது மாதிரி இருக்கு மக்களே,
ரெண்டு கம்மலும் கழண்டு பக்கத்தில கிடக்குத காது.
அதைப் பாத்தா எனக்குச் சுரம் வரல்லே."

சுரத்தின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது.
முதல் ஒலியை ஆர்கனில் வாங்கிக்கொள்வார்,
பிறகு ஸ்டாப் ஸ்டாப்பாகப் போவார்.
எது நீண்ட தூரம், எது குட்டை என்பது மட்டும்
ஓரத்தில் நிற்கும் டெனர் சுருளைப் பார்த்தால்தான்
அவர் தொண்டைக்கு ஞாபகம் வரும்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒன்பது நாள்.
கடையை பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.
மெனு. கிளெஃப். புதியது.
படம்: அதே சுருள், வாலுக்குக் கீழே அதே எட்டு.
இரண்டாம் கோட்டில் எந்தச் சுரம் என்று கேட்டது.
அங்கே ஜி இருப்பதுதான் வழக்கம்.
நான் கீழே இருக்கும் சி என்றேன்.
மென்பொருள் ஏன் என்று கேட்கவில்லை.
எல்லைக்கு அந்தப்பக்கம் மரச்சீனியைக் கப்பை என்கிறவனிடம்
கிழங்கு ஏன் என்று கேட்குமா?

பாஸ் புள்ளிகள் மொத்தமும்
ஒரே ஒரு படி இறங்கி உட்கார்ந்தன.
ஒரே ஒரு படி!
நாலு மாதமாக அவர் தாண்ட முடியாமல் நின்றது
தாளில் இவ்வளவு தூரம்தான்.

ஆனால் ஷார்ப் தகராறு செய்தது.
ஜி மேஜருக்கு ஒன்று போதும்.
அவர் கண்ணுக்கோ இரண்டு வேண்டும்,
இல்லையென்றால் மூன்றாவது அடி குட்டையாக விழும்.
உண்மையிலேயே இன்னொன்று போட்டால்
கம்ப்யூட்டர் பிடிவாதமாகத் தப்பாக வாசிக்கிறது.
மூன்று முறை வாசிக்கவிட்டுப் பார்த்தேன்.
பக்கத்துக் கடை சலீம் எட்டிப் பார்த்தான்,
"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

கடைசியில் வெறும் எழுத்தாக ஒரு ஷார்ப் எடுத்து
ஐந்தாம் கோட்டில் ஒட்டினேன்.
அதற்கு ஒலி கிடையாது.
பார்க்க மட்டும்.

கிளெஃப்புக்குப் பெயர் கேட்டது.
'தற்காலிகம்' என்று அடித்துச் சேமித்தேன்.

ஒத்திகை முடிந்த ராத்திரி நேரே கடைக்கு வந்தார்.
சட்டைப் பையில் தாள் நாலாக மடித்திருந்தது.
பாடினாரா, எப்படி இருந்தது, எதுவும் சொல்லவில்லை.
விரித்தார். இரண்டாவது ஷார்ப்பைச் சுற்றி
பென்சிலில் வட்டம்.

"ஹெலன் தாளில ஒண்ணு. எல்லாவன் தாளிலயும் ஒண்ணு.
எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

பிரிண்டர் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன்.
பயணிகளின் பொய்யை
முப்பது வருடம் முகத்தில் படித்த ஆள்.
அவர் மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்,
அங்கே ஒன்றுமில்லை.

"இதுல இன்னொரு காப்பி எடு.
ஜாஸ்பர் மோனிக்கும் மேல எட்டல்லே, இப்ப கொஞ்ச நாளா.
வாயை மட்டும் அசைக்குதான்.
நான் பக்கத்திலதானே நிக்குதேன்."

பிரிண்டர் சூடாக நேரம் பிடித்தது.
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
பார்க்காமலே எண்ணி வைத்தார், கண்டக்டர் கை.
அவர் போன பிறகு பட்டியலைத் திறந்து
'தற்காலிகம்' என்பதை அழித்தேன்.
கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது
நான் ஷட்டரை இழுக்கிறவரை.