பதினேழாம் எண்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை,
இரண்டாவது மாடி ஓய்வறை.
மைலோ டின்னுக்குள் மடித்த காகிதங்கள்.
ஆளுக்கு மாதம் முந்நூற்றைம்பது வெள்ளி,
இருபத்து நான்கு பேர்,
எட்டாயிரத்து நானூறு.
இந்தக் கூட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.
என் முதல் தவணைக்கு
வேறெங்கும் இடமில்லை.

அம்மா எடுத்தது பதினேழு.
கட்டணத்துக்குக் கடைசி நாள்
இரண்டாம் மாதம், ஐந்தாம் தேதி.

அரசுக் கடன் வரும், கட்டாயம் வரும்,
வகுப்பு தொடங்கி ஏழு வாரம் கழித்து
பாதியாக வரும்.
மெட்ரிகுலேஷனுக்கு எழுதினேன், வருத்தம் தெரிவித்தார்கள்.
மேல்முறையீடு செய்தேன்,
வருத்தத்தில் ஒரு வரி குறைந்திருந்தது.
அம்மாவின் சேமநிதி ரெலாவ் வீட்டின் முன்பணமாகி
ஒன்பதாவது மாடியில் நிற்கிறது.
கெமிக்கல் இன்ஜினியரிங் என்று அவள் சொல்வதில்லை.
"கெமிக்கல்" என்பாள், அவ்வளவுதான்,
ஏதோ கீழே கொட்டிவிட்ட மாதிரி.

இரண்டாம் எண் குவாட் எங்கிடம் இருந்தது.
முன்பற்கள் இரண்டை
சுங்கை டுவா சிக்னலில் ஒரு மோட்டார்சைக்கிளோடு
விட்டுவிட்டு வந்தவள்.
அந்தப் பணத்தை நம்பிப்
பல் டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தாள்.
காகிதத்தை அம்மாவிடம் நீட்டி
மலாயில் ஒரே வாக்கியம் சொன்னாளாம்:
உள்ளே போனால் எல்லாருக்கும் முகமூடிதானே.

உண்மைதான். அந்தத் தூசியில்லா அறையில்
தலை முதல் கால் வரை வெள்ளை,
கண் மட்டும் வெளியே.
அங்கேதான் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள்,
கண் சுருங்குவதில் தெரியும் என்பாள் அம்மா.
கேன்டீனில் கையை வைத்துக்கொள்வாள்.

முதல் வாரம் பலகையில் எழுதினார்கள்:
உள்ளே வந்ததிலிருந்து
வெளியே போனதைக் கழித்தால்
உள்ளே தங்கியது.
வகுப்பில் எனக்குத்தான் முதலில் புரிந்தது.
மின்கட்டண உறையின் பின்பக்கம்
அம்மா மாதாமாதம் போடும் கணக்கு.
தங்கியது என்ற இடத்தில் மட்டும்
ஒரு கோடு இழுத்துவிடுவாள்.

மூன்றாம் செமஸ்டரில் வெப்ப இயக்கவியல்.
முப்பத்தெட்டு வாங்கினேன், நூற்றுக்கு.
மறுபடி எழுத ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வெள்ளி.
அம்மாவிடம் சொல்லவில்லை.
ஜெலுத்தோங்கில் சைக்கிள் கடை மேல்மாடியில்
படிவம் நான்கு பிள்ளைகள் ஆறு பேருக்கு
இருபடிச் சமன்பாடு விற்கிறேன்,
மணிக்கு இருபத்தைந்து.
எழுபத்தெட்டு மணி நேரம்.
இந்தக் கணக்கு சட்டென்று வந்துவிடுகிறது,
என்ட்ரோபிதான் வரமாட்டேன் என்கிறது.

பதினேழாம் மாதம் குவாட் எங்கின் முறை வந்தது.
மகன் மலாக்காவில் கப்பல் இன்ஜின் படிக்கப் போகிறான்.
டின்னிலிருந்து பணம்
வீட்டுக்குக்கூட வராமல் தெற்கே போய்விட்டது.

நேற்று காலை ஏழு மணி.
இரவு ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவுக்காக
வாசலில் நின்றிருந்தேன், பையில் வெப்ப இயக்கவியல்.
குவாட் எங் முதலில் வந்தாள்.
"கெமிக்கல் படிச்சு என்ன செய்வே?"
சோப்பு, உரம், பெயின்ட், கையுறை என்றேன்.
"பல்லு?"
வாயை மூடப் போன கை
பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவு சிரிப்பு.
பின்னால் வந்த அம்மா சிரிக்கவில்லை.
பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

ரெசின் என்று ஒன்று இருக்கிறது அத்தை,
மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
இறுகிக் கல்லாகும்,
எப்படியென்றால்

சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
பாலிமர் ஆறாம் செமஸ்டர் பாடம்.
அதற்கு இன்னும் பணம் கட்டவில்லை.